நாய்பிடிகாரர் அழகுமுத்து

சீதகந்த நகரில் ஏப்ரல் மாதம்தான் சீசன். கொழும்பிலிருந்து கார்களும் வேன்களும் மலையேறி வரும். குளத்தில் படகு விடுவார்கள், பூக்கண்காட்சி நடக்கும், ஹோட்டல்களில் அறை கிடைக்காதவர்கள் வாகனத்துக்குள்ளேயே போர்த்திக்கொண்டு படுப்பார்கள். அந்தக் கூட்டம் வருவதற்கு முன்பே, மார்ச் மாதத்தில், நகரசபை தன் வேலைகளைத் தொடங்கிவிடும். வீதியோரக் கற்களுக்கு வெள்ளை அடிக்கும். பாத்திகளில் பூநாற்று நடும். தெருநாய்களைக் கொல்லும். வெள்ளை அடிக்கவும் நாற்று நடவும் நகரசபையில் ஆட்கள் நிறைய இருந்தார்கள். நாய்களைக் கொல்ல ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் பெயர் அழகுமுத்து.

அந்த வேலையை அவர் தேடி வரவில்லை. உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தவர். மனைவி நாகலெட்சுமி அங்கே கொழுந்து பறித்தாள். தொண்ணூற்றொன்றாம் ஆண்டு ஒரு நாள் கொழுந்து நிறுக்கும்போது, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஏதோ சொல்லி அவள் கூடையை உதைத்துவிட்டான். அழகுமுத்து பாய்ந்து போய் அவன் சட்டையைப் பிடித்தார். அடிக்கக்கூட இல்லை. பிடித்ததற்கே வேலையிலிருந்து பெயர் வெட்டினார்கள். குடியிருந்த லயத்துக் காம்பிராவையும் விடச் சொன்னார்கள். மகள் புவனலெட்சுமியையும் கூட்டிக்கொண்டு மூவரும் டவுனுக்கு வந்து, மரக்கறிச் சந்தைக்குப் பின்னால் மறைப்புக்குச் சாக்குக் கட்டிக் குடியிருந்தார்கள்.

அந்த ஆண்டுதான் உள்ளூராட்சித் தேர்தல் நடந்து, தொழிற்சங்கக்காரர் இராமையா நகரசபை உறுப்பினராகியிருந்தார். அவரும் அதே தோட்டத்தில் பிறந்தவர். அவர்தான் அழகுமுத்துவைச் சுகாதாரப் பரிசோதகர் துரைராசாவிடம் கூட்டிப்போனார். துரைராசா யாழ்ப்பாணத்துக்காரர். மெலிந்த, அதிகம் சிரிக்காத மனிதர்.

"தோட்டத்தில என்ன வேலை செய்தனீர்?"

"கவ்வாத்துங்க ஐயா. மருந்தடிக்கவும் போயிருக்கேன்."

"இங்க ஒரு வேலைதான் காலியா இருக்கு. நல்ல வேலை எண்டு நான் சொல்லமாட்டன். நாய் பிடிக்க வேணும். பிடிச்சுக் கொல்ல வேணும்."

 துரைராசா பேனாவை மூடி மேசையில் வைத்தார்.

"போன மாசம் ஆஸ்பத்திரியில ஒரு பொம்பிளை செத்தவ. விசர்நாய் கடிச்சது. தண்ணிக் கோப்பையைக் கிட்டக் கொண்டுபோனாலே கத்துவா. கட்டிலோட சேத்துக் கட்டித்தான் வச்சிருந்தவை. அதைப் பாத்த பிறகு எனக்கு நாயில பாவம் பார்க்க ஏலாமப் போச்சு. வேற ஒருத்தரும் இந்த வேலைக்கு வாறாங்களில்லை."

"எத்தன நாளைக்குங்க ஐயா?"

"வாற சீசன் முடியட்டும். பிறகு உம்மைத் தெருக் கூட்டுற பகுதிக்கு மாத்திவிடுறன். குவாட்டர்ஸில ஒரு அறையும் தருவினம்."

அறை என்றதும் அழகுமுத்து தலையாட்டினார். மழைக்காலம் வந்துகொண்டிருந்தது. சாக்குக்குள் மகளுக்கு இருமல் நிற்கவேயில்லை.

நாய் பிடிப்பதற்கென்று நகரசபையில் ஒரு பழைய பச்சை லொறி இருந்தது. அதன் பின்பக்கத்தைத் தகரத்தால் பெட்டி போல மூடியிருந்தார்கள். நீளத் தடியின் நுனியில் கம்பிச் சுருக்கு. அதை நாயின் கழுத்தில் மாட்டி இழுத்து, பெட்டிக்குள் தள்ளிக் கதவைச் சாத்த வேண்டும். பெட்டி நிறைந்ததும் சாரதி சோமபால லொறியைக் குப்பைமேட்டுக்கு ஓட்டிப்போய், புகைக்குழாயைப் பெட்டிக்குள் திருப்பிவிட்டு எஞ்சினை ஓடவிடுவான். பிறகு இருவரும் தள்ளி நின்று பீடி குடிப்பார்கள். முதலில் பெட்டி அதிரும். நகங்கள் தகரத்தில் பிறாண்டும் சத்தம் கேட்கும். அப்புறம் எஞ்சின் சத்தம் மட்டும் இருக்கும்.

முதல் நாள் அழகுமுத்து பீடியைப் பற்றவைக்கவில்லை.  வீட்டுக்கு வந்தபோது நாகலெட்சுமி வாசலிலேயே மறித்தாள்.

"உள்ள வராதீங்க. பைப்படியில குளிச்சிட்டு வாங்க. சட்டைய நான் தொடமாட்டேன், நீங்களே அலசுங்க."

குளிரில் நடுங்கிக்கொண்டே குளித்தார்.  இந்த ஒரு சீசன்தானே என்று இருவரும் பேசிக்கொண்டார்கள்.

சீசன் முடிந்தது. மாற்றம் வரவில்லை. அடுத்த சீசனும் முடிந்தது. துரைராசா இரண்டு தடவை எழுதிப் போட்டார். அழகுமுத்து போனால் நாய்க்கு யார் என்று செயலாளர் கேட்டதோடு அது நின்றுவிட்டது. ஆட்கள் வந்தார்கள், ஒரு வாரம் பார்த்துவிட்டு ஓடினார்கள். ஓடாதவர் அழகுமுத்து மட்டும்தான். ஓடினால் அறை போய்விடும். திரும்பிப் போகத் தோட்டம் இல்லை.

ஊர் அவருக்கு ஒரு பெயர் வைத்தது. நாய்பிடி. முகத்துக்கு நேரே யாரும் சொல்லமாட்டார்கள். அவர் கடந்து போனதும் காதில் விழுகிற அளவுக்குச் சொல்வார்கள். டீக்கடையில் அவர் உட்கார்ந்த வாங்குப் பலகையில் வேறு யாரும் உட்காருவதில்லை. கோயில் திருவிழாவில் காவடி தூக்கக் கேட்டபோது, இந்த வருஷம் ஆள் அதிகமாக இருக்கிறது என்றார்கள். நாய்களுக்கும் அவரைத் தெரிந்திருந்தது. லொறி இல்லாமல், வெறுங்கையோடு, விடுமுறை நாளில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நடந்தாலும், பஸ் தரிப்பிடத்து நாய்கள் எழுந்து நின்று குரைத்துக்கொண்டே பின்வாங்கும். அந்தச் சத்தத்தை வைத்தே அழகுமுத்து வருகிறார் என்று கடைக்காரர்கள் தெரிந்துகொள்வார்கள்.

அவர் குடிக்கத் தொடங்கினார் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். அப்படி இல்லை. குடிக்காமலே பேச்சைக் குறைத்துக்கொண்டார். நாகலெட்சுமிதான் நாளாக நாளாகப் பழகினாள். கடைசியில் அவர் சட்டையைக்கூட அவளே துவைத்தாள்.

புவனாவுக்கு இரண்டாயிரத்தோராம் ஆண்டு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்கு ஊர் பூண்டுலோயா. கடையில் கணக்கு எழுதுபவன், நல்ல பையன். பெண் பார்த்துவிட்டுப் போனார்கள், பிடித்திருக்கிறது என்று ஆளும் அனுப்பினார்கள். நாள் குறிப்பதற்காக மாப்பிள்ளையின் அம்மாவும் சித்தப்பாவும் ஒரு காலையில் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். அது மார்ச் மாதம். பஸ் தரிப்பிடத்தில் பச்சை லொறி நின்றது. அழகுமுத்து ஒரு பெட்டை நாயின் கழுத்தில் சுருக்கு மாட்டி இழுத்துக்கொண்டிருந்தார். குட்டி போட்ட நாய். மடி தொங்கியது. நான்கு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டு வரமாட்டேன் என்றது. நிமிர்ந்து பார்த்த அழகுமுத்து சம்பந்திகளைக் கண்டார். கையில் தடி இருந்தது, அதன் முனையில் நாய் இருந்தது. விடவும் முடியவில்லை, கும்பிடவும் முடியவில்லை.

நகரசபையில் வேலை என்று மட்டும்தான் தரகர் அவர்களிடம் சொல்லியிருந்தார். அவர்கள் வீட்டுக்கு வராமலே அடுத்த பஸ்ஸில் திரும்பினார்கள்.

அன்று மாலை புவனா அழவில்லை. அப்பாவுக்குச் சோறு போட்டு முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"அப்பா, இந்த வேலைய விட்டுருங்க."

"விட்டா எங்க போறது தாயி?"

"எங்கயாவது போவோம். மறுபடியும் சாக்குக் கட்டிக்கூட இருப்போம்."

"ஒனக்குச் சாக்குல இருந்தது ஞாபகம் இல்ல. அதான் இப்படிப் பேசுற."

"எல்லாம் ஞாபகம் இருக்கு. அதுவே தேவலப்பா."

அடுத்த மாதம் அவள் கொழும்புக்குப் போனாள். ஒரு துணிக்கடையில் வேலை. அங்கேயே ஹட்டன் பையன் ஒருவனைக் கட்டிக்கொண்டாள். கல்யாணத்துக்குப் பிறகுதான் தாய்க்குத் தகவல் வந்தது. அப்பா தெருக் கூட்டுகிறார் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லியிருந்தாள்.

அழகுமுத்து இராமையாவைத் தேடிப் போனார். இராமையா அப்போது மூன்றாம் முறையாக உறுப்பினர். வேட்டி மாறிக் காற்சட்டையாகியிருந்தது.

"மீட்டிங்ல பேசினேண்ணே. நீங்க ஒரு ஆளக் காட்டுங்க, மாத்திருவோம்னு சேர்மன் சொல்றாரு. நான் யாரக் காட்டுறது? நம்ம சனத்துல ஒருத்தனத்தானே காட்டணும்?"

 இன்னொருவனை அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டுத் தான் நகர்ந்துகொள்ள அழகுமுத்துவுக்கும் மனம் வரவில்லை. யுத்தம் ஓய்ந்திருந்த சமாதான காலத்தில் துரைராசா வவுனியாவுக்கு மாற்றம் வாங்கிக்கொண்டு போனார். போகும்போது, "உமக்கு நான் சொன்ன வாக்கைக் காப்பாத்தேல்லை" என்றார். அழகுமுத்து அவருடைய பெட்டியைத் தூக்கிப் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

வாக்கைக் காப்பாற்றியது மேலிடத்து உத்தரவுதான். இரண்டாயிரத்தாறில், இனித் தெருநாய்களைக் கொல்லக்கூடாது, பிடித்துக் கருத்தடை செய்து தடுப்பூசி போட்டு விட வேண்டும் என்று எல்லா சபைகளுக்கும் அறிவித்தல் வந்தது. பச்சை லொறியின் தகரப் பெட்டியைக் கழற்றி எடுத்தார்கள். அழகுமுத்துவின் கையில் விளக்குமாற்றைக் கொடுத்தார்கள்.

அந்த வருடம் அவர் முகம் கொஞ்சம் மாறியது. விடிந்ததும் சந்தை வீதியைக் கூட்டுவார். கோவா இலைகளையும் அழுகல் கரட்டையும் அள்ளி வண்டியில் போடுவார். தீபாவளிக்குப் புவனா புருஷனோடும் பிள்ளையோடும் வந்தாள். அப்பா விளக்குமாற்றோடு வீதியில் நிற்பதைப் பார்த்துச் சிரித்தாள்.

"நான் சொன்னது இப்ப உண்மையாயிருச்சு பாத்தீங்களா?"

பேரப்பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு அவர் குளத்தைச் சுற்றிக் காட்டினார். நாய்கள் அப்போதும் குரைத்தன. ஆனால் அவை குரைத்தது ஏன் என்று மருமகனுக்குத் தெரியாது.

கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் நகரசபை வரவுசெலவில் பணம் ஒதுக்கியது. அந்த ஒதுக்கீட்டில் ஊருக்குள் நுழையும் இடத்தில் வரவேற்பு வளைவு எழும்பியது. சீசன் வருகிறது, ஊசியை அடுத்த வருடம் போட்டுக்கொள்ளலாம் என்று கூட்டத்தில் தீர்மானித்தார்கள். எதிர்த்து ஒருவரும் பேசவில்லை. மிருக வைத்தியர் ஒரு தடவை வந்து, சந்தைக்குப் பக்கத்தில் கொஞ்ச நாய்களுக்கு ஊசி போட்டு, கழுத்தில் சிவப்புப் பட்டி கட்டிப் படம் எடுத்துக்கொண்டு போனார். ஹோட்டல்களின் மிச்சச் சோற்றைத் தின்று நாய்கள் பெருகின. இரண்டு வருடத்துக்குள் சந்தை வாசலில் கூட்டம் கூட்டமாகப் படுத்துக் கிடந்தன.

இரண்டாயிரத்தெட்டு மாசி மாதத்தில் ஒரு செம்பட்டை நாய் குவாட்டர்ஸ் பக்கம் வந்தது. வாய் திறந்தபடியே இருந்தது. எச்சில் ஒழுகியது. நடக்கும்போது பின்னங்கால் இழுத்தது. அழகுமுத்து தூர நின்று வெகுநேரம் பார்த்தார். விசர் என்றும் தோன்றியது. எலும்பு ஏதாவது தொண்டையில் மாட்டியிருக்கும் என்றும் தோன்றியது. பழைய நாளாக இருந்தால் யோசித்திருக்கவே மாட்டார். நகரசபைக்குப் போய்ப் புதிய சுகாதாரப் பரிசோதகரிடம் சிங்களத்தில் சொன்னார். அவர் இளைஞர், கெட்டவர் அல்ல. மிருக வைத்தியருக்கு அறிவிக்கிறேன், அடுத்த வாரம் வருவார், அதுவரை யாரும் நாயைத் தொட வேண்டாம், தொட்டால் கேஸ் ஆகிவிடும் என்றார்.

அழகுமுத்து வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார்.

"மம்பட்டிக் காம்பால ஒரு போடு போட்டா முடிஞ்சிரும்."

"வேணாங்க. இப்பத்தான் மனுசங்க நம்ம வீட்டுல டீ குடிக்கிறாங்க. எடுத்த கைய மறுபடியும் போடாதீங்க."

அவர் போடவில்லை.

வைத்தியர் வருவதற்கு முன்பே அந்த நாய் சந்தையில் இரண்டு பேரைக் கடித்தது. ஒரு மூட்டை தூக்குபவரை, ஒரு கீரைக்காரியை. இருவரும் ஆஸ்பத்திரிக்கு ஓடி ஊசி போட்டுக்கொண்டார்கள். நாய் குளக்கரையில் தானாகவே செத்துக் கிடந்தது. அத்தோடு முடிந்தது என்று ஊர் நினைத்தது.

குவாட்டர்ஸில் அடுத்த அறையில் காளியாயி இருந்தாள். சந்தையில் மரக்கறி தரம் பார்த்துப் பிரிக்கும் வேலை. புருஷன் இல்லை. ஒரே மகள் சுலக்ஷனா, இரண்டாம் வகுப்பு. நாய்க்குட்டிகளோடு விளையாடக்கூடாது என்று காளியாயி மகளை ஒரு தடவை அடித்திருந்தாள். அதனால், செம்பட்டை நாயின் பல் கணுக்காலில் பட்டதைச் சிறுமி சொல்லவில்லை. காலுறையை இழுத்து மறைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். காயம் ஆறியும் போனது.

சித்திரை பிறப்பதற்குச் சில நாள் இருக்கும்போது அவளுக்குக் காய்ச்சல் வந்தது. கால் கூசுகிறது என்றாள். மறுநாள் காலையில் அம்மா கொடுத்த பிளேன்டீயைக் கண்டதும் அலறி, சுவரோடு ஒட்டிக்கொண்டாள். சத்தம் கேட்டு ஓடிவந்த அழகுமுத்து வாசலிலேயே நின்றுவிட்டார். துரைராசா முதல் நாள் சொன்ன அந்தப் பெண்ணை அவர் பார்த்ததில்லை. இப்போது பார்த்தார்.

அவர்தான் பிள்ளையைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். வீதியெல்லாம் வாகனம், சீசன் கூட்டம். வழிவிடச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடினார். டொக்டர் காலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, காளியாயியை வெளியே உட்காரச் சொன்னார். செய்ய ஒன்றும் இருக்கவில்லை. பிள்ளை அடுத்த நாள் இறந்தது.

புதைத்துவிட்டு வந்த அன்று குவாட்டர்ஸ் ஆட்கள் அழகுமுத்துவின் வாசலில் கூடினார்கள். மூட்டை தூக்கும் கணேசமூர்த்திதான் பேசினான். அவனையும் அதே நாய் கடித்திருந்தது.

"சும்மா கெடந்த நாயெல்லாம் புடிச்சுப் புடிச்சுக் கொன்னீங்களே. இந்தப் பேய்நாய மட்டும் கண்ணால பாத்துட்டு விட்டுட்டீங்களே. எங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

"ஆபீஸ்ல சொன்னேம்ப்பா."

"ஆபீஸ்ல சொல்ல நாங்களும்தான் இருக்கோம். நீங்க எதுக்கு?"

அழகுமுத்து திரும்பி உள்ளே போனார். நாகலெட்சுமி கதவைச் சாத்தினாள்.

விஷயம் வெளியே பரவினால் சீசன் கெட்டுவிடும் என்று ஹோட்டல்காரர்கள் பயந்தார்கள். நகரசபையில் அவசரக் கூட்டம் கூடியது. கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்பது வெளியே வரவில்லை. கூட்டம் முடிந்ததும் இராமையா விளக்குமாறும் கையுமாக நின்ற அழகுமுத்துவைச் சந்தைக்குப் பின்னால் கூட்டிப்போனார்.

"அண்ணே, சேர்மன் சொல்லிவிட்டாரு. சந்தையச் சுத்தி இருக்கிறதெல்லாத்தையும் முடிச்சிரணுமாம். லொறி வேணாம். எறச்சியில மருந்து வச்சாப் போதும். விடியக்காலையில வச்சு, ஆள் நடமாடுறதுக்குள்ள அள்ளிருங்க."

"எழுத்துல குடுக்கச் சொல்லு இராமையா."

"எழுத்துல குடுக்க முடியுமாண்ணே? சட்டம் இருக்கே."

"அப்ப நான் செய்யல."

இராமையா அவர் தோளில் கை வைத்தார். "நம்ம பக்கத்து அறப் புள்ளண்ணே. இன்னொரு புள்ளைக்கு இப்படி ஆச்சுன்னா?"

அன்று மாலை அழகுமுத்து வீட்டுக்கு வந்தபோது காளியாயி தன் வாசலில் உட்கார்ந்து மகளின் பள்ளிக்கூடச் சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததை உதறி மறுபடியும் மடித்தாள். அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு உள்ளே போய் நாகலெட்சுமியிடம், நாளைக்கு வெள்ளென எழுப்பிவிடு என்று சொன்னார். எதற்கென்று அவள் கேட்கவில்லை.

விடியும் நேரத்தில், இராமையா கொடுத்தனுப்பிய மருந்து கலந்த இறைச்சியைச் சந்தையைச் சுற்றி வைத்தார். விசர் பிடித்தவை, பிடிக்காதவை, கழுத்தில் சிவப்புப் பட்டி கட்டியவை எல்லாம் தின்றன. மருந்து எல்லாவற்றிலும் ஒரே வேகத்தில் வேலை செய்யவில்லை. வெயில் ஏறும்போதும் சில நாய்கள் குளத்து வீதியில், சுற்றுலாக்காரர்கள் நடக்கும் நடைபாதையில், விழுந்து விழுந்து எழுந்தன. அழகுமுத்து தள்ளுவண்டியோடு அவற்றின் பின்னால் ஓடினார். உயிர் போகாத ஒன்றை விளக்குமாற்றுக் கட்டையால் அடித்தார். ஹோட்டல் மாடியில் நின்ற ஒருவர் அதைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்தார்.

படம் கொழும்புக்குப் போய், அங்கிருந்து தொலைக்காட்சிக்குப் போனது. நாய்களைக் காக்கும் சங்கத்தார் வேனில் வந்து நகரசபை வாசலில் நின்றார்கள். நகரசபை அறிக்கை விட்டது. அப்படி ஒரு உத்தரவு கொடுக்கப்படவில்லை, சிற்றூழியர் ஒருவர் தன்னிச்சையாகச் செய்த காரியம், விசாரணை நடக்கிறது என்று அதில் இருந்தது. மறுநாள் பொலிஸ் வந்து அழகுமுத்துவைக் கூட்டிப்போனது. யுத்தம் முற்றியிருந்த காலம். மலையகத் தமிழன், கையில் நஞ்சு. எங்கே வாங்கினாய், யார் கொடுத்தது, தண்ணீர்த் தாங்கியில் போடவா வைத்திருந்தாய் என்று இரண்டு நாள் கேட்டார்கள். யாரும் கொடுக்கவில்லை, தோட்டத்தில் மருந்தடித்த காலத்தில் மிஞ்சியது என்று அவர் சொன்னார். இராமையாவின் பெயர் அவர் வாயிலிருந்து வரவில்லை.

நாகலெட்சுமி இராமையாவின் வீட்டுக்குப் போனாள். ஐயா கொழும்புக்குப் போயிருக்கிறார் என்றார்கள். உள்ளே அவருடைய இருமல் கேட்டது.

வழக்கில் அபராதம் விதித்து அவரை வெளியே விட்டார்கள். நகரசபை வேலையிலிருந்து நீக்கியது. குவாட்டர்ஸை ஒப்படைக்கச் சொன்னது. தொலைக்காட்சியில் முகத்தைப் பார்த்த மருமகன் புவனாவிடம் என்ன சொன்னான் என்று தெரியாது. அவள் தாயோடு ஒரு தடவை தொலைபேசியில் பேசினாள். அப்பாவைக் கூப்பிடவா என்று நாகலெட்சுமி கேட்டபோது, "இப்ப வேணாம்மா" என்றாள்.

சாமான் ஏற்றுவதற்கு ஒரு மரக்கறி லொறியைப் பிடித்தார்கள். ஏற்ற யாரும் வரவில்லை. கட்டிலை ஒரு பக்கம் அழகுமுத்துவும் மறுபக்கம் நாகலெட்சுமியும் தூக்கினார்கள். கதவில் இடித்து நின்றபோது காளியாயி வந்து கட்டிலின் ஒரு காலைப் பிடித்தாள். எல்லாம் ஏற்றி முடியும்வரை கைகொடுத்தாள். கடைசியில் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு அவர் முன்னால் நின்றாள்.

"அண்ணே, அந்த மொத நாளே அடிச்சிருக்கலாமே."

"அடிச்சிருக்கலாம் தங்கச்சி."

அவள் திட்டவில்லை. அழவும் இல்லை. தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உடப்புசல்லாவைக்குப் போகும் வழியில், நாகலெட்சுமியின் அண்ணன் இருந்த லயத்தில் ஒரு பக்கம் தகரம் இறக்கிக் குடியிருந்தார்கள். அழகுமுத்து லீக்ஸ் மரக்கறிப் பாத்திகளில் கூலிக்குப் போனார். அடுத்த வருடம் யுத்தம் முடிந்தது. ஊரெல்லாம் வெடி கொளுத்தினார்கள். அந்த மழைக்காலத்தில் அவருக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றதற்கு மறுத்துவிட்டார். ஒரு வாரம் படுத்திருந்து இறந்துபோனார். புவனா பிள்ளையோடு தனியாக வந்து, பெட்டி மூடுவதற்குள் முகத்தைப் பார்த்தாள். இராமையா மாலை அனுப்பினார். நாகலெட்சுமி அதை வாங்கி, வாசலில் நின்ற ஆட்டின் முன்னால் போட்டாள்.